பனியாற்று மலையேற்றப் பயிற்சிக்குப் போகிறவர்களுக்கு: எதை வாங்குவது, எதை விட்டுவிடுவது

உத்தரகாசியில் உள்ள நேரு மலையேற்றப் பயிற்சி நிறுவனம், டார்ஜிலிங்கில் உள்ள இமாலய மலையேற்றப் பயிற்சி நிறுவனம், மணாலியில் உள்ள வாஜ்பாய் பெயரிலான நிறுவனம் ஆகியவற்றில் நடக்கும் அடிப்படை மலையேற்றப் பயிற்சிக்கு இடம் கிடைத்தவர்களுக்காக இதை எழுதுகிறேன். ஏறக்குறைய ஒரு மாதப் பயிற்சி. முதல் பகுதி நிறுவன வளாகத்திலும் பக்கத்துப் பாறைகளிலும் நடக்கும். பிறகு மூட்டையைத் தூக்கிக்கொண்டு நடை. உத்தரகாசி மாணவர்கள் பெரும்பாலும் டோக்ரியானி பனியாற்றுக்கும், டார்ஜிலிங் மாணவர்கள் சிக்கிமின் யுக்சம் வழியாக 4,400 மீட்டர் உயரத்தை ஒட்டிய சௌரிகாங் முகாமுக்கும் போவார்கள். ஆயிரம் மீட்டர் ஏறினால் வெப்பம் சராசரியாக ஆறரை டிகிரி குறையும் என்பதை வைத்துக் கணக்குப் போட்டுப் பாருங்கள். டார்ஜிலிங்கில் ஸ்வெட்டர் போட்டு நடுங்குகிறவருக்கு முகாமில் இன்னும் பதினைந்து டிகிரி குறைந்திருக்கும்.

நம் ஊரில் இருந்துகொண்டு இதற்குத் தயாராவது பெரும் பாடு. குளிரே இல்லாத இடத்தில் குளிர் உடையைத் தேர்ந்தெடுக்க வேண்டும். கடைக்காரருக்கும் தெரியாது, நமக்கும் தெரியாது. இணையத்தில் கிடைக்கும் பட்டியல்களில் பாதி ஐரோப்பிய ஆல்ப்ஸுக்கு எழுதியவை. எனக்கு இதில் போன பணமும் நேரமும் உங்களுக்கும் போக வேண்டாம். என் கட்சி எளிது: உடலைத் தொடுகிற பொருளுக்குப் பணம் செலவழியுங்கள். உடலை விட்டுத் தள்ளி இருக்கிற எதையும் நிறுவனத்திடமே வாங்கிக்கொள்ளுங்கள். காலணி, காலுறை, உள்ளாடை, கையுறை, கண்ணாடி ஆகியவை உங்களுடையவை. கயிறு, பனிக் கோடரி (ஐஸ் ஆக்ஸ்), கிராம்பான் (வழுக்காமல் இருக்கக் காலணியின் அடியில் மாட்டும் உலோகப் பற்கள்), முதுகுப்பை, உறக்கப்பை எல்லாம் அவர்களுடையவை.

1. முதலில் பட்டியல், பிறகு பணப்பை

இடம் உறுதியானதும் நிறுவனம் இரண்டு பட்டியல்கள் தரும். ஒன்று அவர்கள் கொடுப்பது, மற்றொன்று நீங்கள் கொண்டுவர வேண்டியது. இரண்டையும் அச்செடுத்துப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படிக்காமல் ஒரு ரூபாய்கூடச் செலவழிக்காதீர்கள். பொதுவாக முதுகுப்பை, உறக்கப்பை, விரிப்பு, பனிக் காலணி, கிராம்பான், ஐஸ் ஆக்ஸ், ஹார்னஸ் (கயிற்றோடு இணைக்க இடுப்பிலும் தொடையிலும் கட்டும் பட்டை), கராபினர் (கயிறு மாட்டும் உலோக வளையம்), ஹெல்மெட், கயிறு ஆகியவை அவர்கள் பொறுப்பு. இறகு ஜாக்கெட், காற்றுத்தடுப்பு உடை, கெய்டர் (காலணிக்குள் பனி புகாமல் கீழ்க்காலைச் சுற்றும் உறை) ஆகியவற்றில்தான் நிறுவனத்துக்கு நிறுவனம் வேறுபாடு வரும். பட்டியலில் தெளிவாக இல்லையென்றால் தொலைபேசியில் கேளுங்கள். மின்னஞ்சலுக்குப் பதில் வரும் என்று காத்திருந்தால் நாள் போய்விடும்.

ஆவணங்களையும் இப்போதே ஒரு கோப்பில் சேர்த்துவிடுங்கள். மருத்துவத் தகுதிச் சான்றிதழ் நிறுவனம் கொடுத்த படிவத்திலேயே இருக்க வேண்டும். மருத்துவர் தன் சொந்தக் கடிதத்தாளில் எழுதிக் கொடுப்பதை ஏற்காமல் போகலாம். கையொப்பம், முத்திரை, பதிவு எண் மூன்றும் இருக்கின்றனவா என்று மருத்துவரின் மேசையிலேயே பாருங்கள். ஆபத்துப் பொறுப்பு உறுதிமொழியில் பெற்றோர் அல்லது குடும்பத்தார் கையெழுத்து கேட்பார்கள். வீட்டில் இதைப் படித்துக் காட்டும்போது ஒரு வாக்குவாதம் நடக்கும், அதற்கும் ஒரு வாரம் ஒதுக்குங்கள். ஆதார் நகல்கள், பாஸ்போர்ட் அளவுப் படங்கள், கட்டண ரசீது ஆகியவற்றில் கூடுதலாக இரண்டிரண்டு பிரதிகள்.

இடங்கள் பல மாதங்களுக்கு முன்பே நிரம்பிவிடும். பயிற்சிகள் பெரும்பாலும் மழைக்கு முன்னும் பின்னும் நடக்கின்றன. மே மாதப் பயிற்சிக்கும் அக்டோபர் பயிற்சிக்கும் உடையில் வேறுபாடு உண்டு. மே மாதத்தில் ஈரமான, இளகிய பனி, நனைதல்தான் பிரச்சினை. அக்டோபரில் வானம் தெளிவு, இரவு கடுங்குளிர்; தெர்மல் (தோலை ஒட்டிப் போடும் குளிர் உள்ளுடை) ஒரு ஜோடி கூடுதலாக எடுத்துக்கொள்ளுங்கள்.

2. கால்: எட்டு வாரங்களுக்கு முன்பே

இதில் மட்டும் கஞ்சத்தனம் வேண்டாம். பனியாற்றுக்கு ஏறும் நடையில் 15 முதல் 20 கிலோ முதுகில் இருக்கும். அந்த நடைக்குத் தேவை கணுக்காலை மூடும், அடித்தளம் விறைப்பான நடைக் காலணி. பனியில் போடும் கனத்த காலணியை நிறுவனம் தரும். அதை நீங்கள் வாங்க வேண்டியதில்லை.

மாலையில் போய் வாங்குங்கள். பகல் முழுக்க நடந்த கால் சற்று வீங்கியிருக்கும், மலையிலும் அப்படித்தான் இருக்கும். தடித்த காலுறையைக் கையோடு எடுத்துச் சென்று அதைப் போட்டுக்கொண்டு அளவு பாருங்கள். நாடாவைக் கட்டாமல் காலை முன்னால் தள்ளினால் குதிகாலுக்குப் பின்னே ஒரு விரல் நுழைய வேண்டும். பிறகு நாடாவை இறுக்கிக் கட்டி, சரிவான இடத்தில் கீழ்நோக்கி நில்லுங்கள். பெருவிரல் முன்சுவரில் இடித்தால் அந்தக் காலணி வேண்டாம். ஏறும்போது எந்தக் காலணியும் நன்றாகத்தான் இருக்கும். நகம் கறுப்பது இறங்கும்போது.

அண்ணன் வாங்கிவைத்தது, நான்கு வருடமாகப் பெட்டியிலேயே புதிதாக இருக்கிறது என்று யாராவது காலணி கொடுத்தால் மரியாதையாக மறுத்துவிடுங்கள். பல நடைக் காலணிகளின் நடுத்தளம் பாலியூரித்தேன் என்னும் நுரையால் ஆனது. வெப்பமும் ஈரப்பதமும் உள்ள இடத்தில் அது பயன்படுத்தாமலே உள்ளுக்குள் நொறுங்கும். சென்னை, நாகப்பட்டினம், தூத்துக்குடி போன்ற கடலோர ஊர்களின் காற்று இதற்கு மிகவும் உகந்தது. வெளியே பளபளப்பாக இருக்கும். இரண்டாம் நாள் நடையில் அடிப்பாகம் மொத்தமாகப் பிரிந்து கையோடு வரும். மலையில் செருப்புத் தைப்பவர் கிடையாது.

வாங்கிய காலணியைப் பழக்க எட்டு வாரம் தேவை. முதலில் வீட்டைச் சுற்றி, பிறகு மாடிப்படி, பிறகு முதுகில் தண்ணீர்க் கேன்களைப் போட்டுக்கொண்டு மலை. பர்வதமலை, வெள்ளியங்கிரி இரண்டுமே நல்ல பயிற்சிக் களம். பக்தர்கள் வெறுங்காலோடு உங்களைத் தாண்டிப் போவார்கள். வெட்கப்படாமல் கனத்த காலணியோடு ஏறுங்கள்.

காலுறை: கம்பளி கலந்த தடித்தவை மூன்று ஜோடி, மெல்லிய செயற்கை இழைக் காலுறை மூன்று ஜோடி. மெல்லியதை உள்ளே, தடித்ததை வெளியே. உராய்வு இரண்டு துணிகளுக்கிடையே நடக்கும், தோலில் நடக்காது. ஒரு தடித்த ஜோடியை உறக்கப்பைக்குள் மட்டுமே போடுவது என்று ஒதுக்கிவிடுங்கள். கொப்புளம் வந்தபின் மருந்து தேடுவதைவிட, தோல் சிவந்து சூடாகத் தெரிகிற கணத்திலேயே நின்று துணிப் பிளாஸ்திரி ஒட்டுவது நல்லது. பயிற்றுநர் அவசரப்படுத்துவார். பரவாயில்லை, கேட்டுவிட்டு நில்லுங்கள்.

மெட்டி அணிந்திருப்பவர்கள் கிளம்புமுன் கழற்றிவிடுங்கள். விறைப்பான பனிக் காலணிக்குள் விரலோடு உலோகம் அழுந்தினால் இரத்த ஓட்டம் குறையும். குளிரில் அது விளையாட்டல்ல. மோதிரமும் அப்படித்தான், உயரத்தில் விரல்கள் வீங்கும். வெள்ளி அரைஞாண் ஹார்னஸின் இடுப்புப் பட்டைக்கு அடியில் உறுத்தும்.

3. தோலை ஒட்டிய உடை

பருத்தியை வீட்டில் விட்டுச் செல்லுங்கள். டீ-ஷர்ட், உள்ளாடை, ஜீன்ஸ், காலுறை எதிலும் பருத்தி வேண்டாம். வியர்வையை உறிஞ்சி வைத்துக்கொள்ளும், எளிதில் காயாது. ஏற்றத்தில் வியர்த்து, நின்றவுடன் காற்றடித்தால் அந்த ஈரத் துணி உடம்பின் சூட்டை இழுத்துக்கொண்டே இருக்கும். நமக்குப் பருத்திதான் நல்லது என்று சொல்லிச் சொல்லி வளர்த்திருக்கிறார்கள். சமவெளிக்கு அது சரி.

பாலியெஸ்டர் அல்லது மெரினோ கம்பளித் தெர்மல் மேல், கீழ் இரண்டு ஜோடி போதும். மெரினோவில் நாற்றம் குறைவு, விலை அதிகம். பாலியெஸ்டர் சீக்கிரம் காயும், நாற்றம் கூடுதல். கூடாரத்தில் எல்லோருமே நாறுவார்கள் என்பதால் நான் பாலியெஸ்டர் பக்கம். ஒரு ஜோடி நடப்பதற்கு, மற்றது தூங்குவதற்கு. தூங்கும் ஜோடியை எந்தக் காரணத்துக்காகவும் பகலில் போடக் கூடாது.

இவற்றோடு செயற்கை இழை டீ-ஷர்ட் மூன்று, சீக்கிரம் காயும் நடைக் கால்சட்டை இரண்டு, காலை ஓட்டத்துக்கு டிராக் சூட் ஒன்று, ஓடுவதற்குச் சாதாரண விளையாட்டுக் காலணி. கால்சட்டையின் கணுக்கால் பகுதி தொளதொளவென்று இருக்கக் கூடாது. கிராம்பானின் முன்பற்கள் துணியில் மாட்டினால் குப்புற விழுவீர்கள். பெண்கள் பருத்தியல்லாத விளையாட்டு உள்ளாடை எடுத்துக்கொள்வது நல்லது. உயரத்தில் மாதவிடாய் நாள் முன்னே பின்னே வரலாம், ஆகவே நாப்கின் கணக்கைத் தாராளமாகவே வையுங்கள். பயன்படுத்தியதைத் திரும்பக் கொண்டுவர இறுக மூடும் பைகளும் வேண்டும்.

எங்கே வாங்குவது? டெகாத்லான் கடைகளில் ஏறக்குறைய எல்லாம் கிடைக்கும், ஆனால் நம் ஊர்க் கிளைகளில் குளிர் உடைகள் எப்போதும் முழு அளவுகளில் இருப்பதில்லை. இணையத்தில் வரவழைத்து, கடையில் போட்டுப் பார்த்து மாற்றிக்கொள்ளலாம். ஏற்றுமதியில் எஞ்சிய சரக்கு விற்கும் திருப்பூர் காதர்பேட்டையில் பொறுமையாகத் தேடினால் நல்ல ஃப்ளீஸ் (செயற்கை இழையில் செய்த, கம்பளிபோல் மென்மையான குளிர் மேலுடை) மலிவாகக் கிடைக்கும். துணியின் உட்புறச் சீட்டில் எத்தனை சதவீதம் பருத்தி என்று பார்த்து வாங்குங்கள். கம்பளித் தொப்பி, மஃப்ளர் போன்றவற்றை ஊட்டித் தாவரவியல் பூங்கா அருகே உள்ள திபெத்தியர் சந்தையில் வாங்கலாம்.

4. நடு அடுக்கும் வெளி அடுக்கும்

ஒரே ஒரு பெரிய, கனமான ஜாக்கெட் வாங்கும் ஆசை எல்லோருக்கும் வரும். வாங்காதீர்கள். நடக்கும்போது அதைப் போட முடியாது, வேர்த்துக் கொட்டும், கழற்றினால் நடுங்கும். நடு எடையுள்ள ஃப்ளீஸ் ஒன்று, மெல்லியது ஒன்று, அவற்றுக்கு மேல் காற்றையும் நீரையும் தடுக்கும் ஓடு போன்ற ஒன்று என்று அடுக்காக வைத்துக்கொண்டால் வேண்டியபோது ஒன்றைக் கழற்றலாம்.

இறகு ஜாக்கெட்டை நிறுவனம் கொடுத்தால் சொந்தமாக வாங்க வேண்டாம். கொடுக்கவில்லையென்றால் மே மாதப் பயிற்சிக்குச் செயற்கைப் பஞ்சு நிரப்பியதே என் தேர்வு. இறகு எடை குறைவு, சூடு அதிகம். ஆனால் நனைந்தால் சுருண்டுபோய் ஒன்றுக்கும் உதவாது. செயற்கைப் பஞ்சு நனைந்தாலும் ஓரளவு சூட்டைத் தக்கவைக்கும்.

மழைக்கு: முதுகுப்பையையும் சேர்த்து மூடும் போஞ்சோ என்ற தொளதொள மழைப் போர்வை நடைக்கு நல்லது. பனிச்சரிவில் அது ஆகாது, காலடி தெரியாது. ஆகவே மழை ஜாக்கெட்டும் மழைக் கால்சட்டையும் தனியாக வேண்டும்.

5. கண், முகம், கை

உயரம் ஆயிரம் மீட்டர் கூடும்போது புற ஊதாக் கதிரின் அளவு 10 முதல் 12 சதவீதம் கூடுகிறது. புதுப்பனி அதில் 80 சதவீதம் வரை திருப்பி அனுப்பும். அதாவது வெயில் மேலிருந்தும் கீழிருந்தும் வருகிறது. கண்ணாடியின்றிச் சில மணி நேரம் நடந்தாலே அன்றிரவு கண்ணுக்குள் மணல் போட்டுத் தேய்த்ததுபோல் வலிக்கும், திறக்கவே முடியாது. மேகமூட்டமான நாளிலும் இது நடக்கும்.

சாலையோரக் கறுப்புக் கண்ணாடி இருட்டாக இருந்தாலே போதும் என்று நினைக்காதீர்கள். புற ஊதாவைத் தடுக்காத இருண்ட கண்ணாடி பாவையை விரியவைத்துக் கூடுதல் கேட்டையே செய்யும். கண்ணாடியின் காதுப் பகுதியில் எண் பொறித்திருக்கும்: பனியாற்றுக்குத் தேவை நான்காம் வகை. அது 3 முதல் 8 சதவீத ஒளியை மட்டுமே உள்ளே விடும். அதைப் போட்டுக்கொண்டு வண்டி ஓட்டக் கூடாது. பக்கவாட்டு மறைப்பும், கழுத்தில் மாட்டும் கயிறும் இருக்கட்டும். பவர் கண்ணாடி போடுபவர்கள் அதன் மேலேயே அணியும் பெரிய காகிள்ஸ் வாங்குங்கள், அல்லது பவரோடு நான்காம் வகைக் கண்ணாடி செய்து வாங்குங்கள். கண்ணாடிக் கடையில் இதற்கு நாள் ஆகும். வசதியிருந்தால் இரண்டாவது ஒன்று, மலிவானதாகவாவது, பையில் இருக்கட்டும்.

சன்ஸ்கிரீன் எஸ்.பி.எஃப். 50 என்று போட்டிருப்பது, உதட்டுக்கும் அதுபோல ஒன்று. மூக்கின் அடிப்பாகம், தாடையின் கீழ்ப்பகுதி, காதின் பின்புறம் ஆகிய இடங்களிலும் தடவுங்கள். பனி கீழிருந்து சுடும். நம் தோல் கறுப்புத்தானே, ஒன்றும் ஆகாது என்ற பேச்சை நம்பி உரிந்த மூக்கோடு திரும்பியவர்கள் பலர். தேங்காய் எண்ணெய் இந்த வேலைக்கு ஆகாது. தவிர, அது 24 டிகிரிக்குக் கீழ் போனாலே உறைந்துவிடும், குறுகிய வாய்ப் புட்டியிலிருந்து வெளியே வராது.

கைக்கு மூன்று: மெல்லிய உள்ளுறை, கம்பளி அல்லது ஃப்ளீஸ் கையுறை, நீர்புகா வெளியுறை. இவற்றோடு உள்ளங்கையில் தோல் வைத்த ஒரு ஜோடி வேலைக் கையுறை, கயிற்றில் இறங்கும் பயிற்சிக்கு. ஃப்ளீஸ் கையுறையோடு கயிற்றைப் பிடித்தால் உராய்வுச் சூட்டில் துணி உருகும். கட்டடச் சாமான் கடையில் சில நூறு ரூபாய்க்குக் கிடைப்பதே போதும்.

6. சில்லறைச் சாமான்கள்

தலைவிளக்கு, மாற்று பேட்டரிகளோடு. குளிரில் சாதாரண ஆல்கலைன் பேட்டரி சோர்ந்துவிடும், லித்தியம் தாக்குப்பிடிக்கும். கைபேசியும் பவர் பேங்கும் இரவில் உறக்கப்பைக்குள்ளே தூங்கட்டும். தண்ணீர்ப் புட்டி அகல வாய் உள்ளது. இரவில் தலைகீழாக வையுங்கள், பனிக்கட்டி மேலிருந்து உருவாகும் என்பதால் காலையில் வாய்ப்பக்கம் திறந்திருக்கும். குப்பைப் பைகள் கெட்டியானவை நான்கைந்து, முதுகுப்பைக்குள் எல்லாவற்றையும் நனையாமல் வைக்க. இதைவிட மலிவான, இதைவிடப் பயனுள்ள பொருள் இந்தப் பட்டியலில் இல்லை.

உயர நோய்க்கான அசெட்டசோலமைடு மாத்திரையை நண்பர் சொன்னார் என்று வாங்காதீர்கள். மருத்துவரிடம் கேளுங்கள், சல்ஃபா மருந்து ஒவ்வாமை இருந்தால் அதையும் சொல்லுங்கள்.

7. வாங்கக் கூடாதவை

ஐஸ் ஆக்ஸ், கிராம்பான், ஹார்னஸ், பனிக் காலணி. படத்தில் அழகாக இருக்கும். ஆனால் பயிற்சி முடியும் முன் உங்களுக்கு எது பொருந்தும் என்று உங்களுக்கே தெரியாது. கிராம்பான் வகைக்கும் காலணியின் விறைப்புக்கும் பொருத்தம் வேண்டும். வளையும் நடைக் காலணியில் கடினக் கிராம்பானை மாட்டினால் கழன்று போகும். பழைய ஹார்னஸை யாராவது பாதி விலைக்குக் கொடுத்தாலும் வேண்டாம். துணிப் பொருட்களுக்கு வயது உண்டு. பயன்படுத்தாமல் வைத்திருந்தாலும் பத்து ஆண்டுகளுக்கு மேல் நம்பக் கூடாது என்றே பெரும்பாலான தயாரிப்பாளர்கள் சொல்கிறார்கள்.

8. சாமான் வழங்கும் நாள்

பயிற்சி தொடங்கியதும் ஒரு நாள் நிறுவனக் கிடங்கில் வரிசை நிற்கும். அந்த ஒரு மணி நேரம்தான் அடுத்த வாரங்களைத் தீர்மானிக்கிறது. கிடங்குக்காரர் வேகமாக எறிவார், நீங்கள் வேகமாகக் கையெழுத்துப் போடுவீர்கள். போடாதீர்கள். கையெழுத்துப் போட்டால் அந்தப் பொருளின் கிழிசலும் உங்கள் கணக்கில்தான்.

தடித்த காலுறையைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு போங்கள். பனிக் காலணியைப் போட்டு நாடா கட்டி, படியில் ஏறி இறங்குங்கள். குதிகால் தூக்கக் கூடாது, விரல் அசைய வேண்டும். சிறிய அளவுகள் முதலில் தீர்ந்துபோகும். சிறிய பாதமுள்ளவர்கள், குறிப்பாகப் பெண்கள், வரிசையில் முன்னால் நிற்கப் பாருங்கள். அந்தக் காலணியிலேயே கிராம்பானை மாட்டிக் காலைத் தூக்கி உதறுங்கள். ஆடினால் திருகை அங்கேயே சரிசெய்யச் சொல்லுங்கள். பனியில், கையுறையோடு அதைச் செய்ய முடியாது.

உறக்கப்பையின் ஜிப்பை மேலும் கீழும் முழுவதும் இழுத்துப் பாருங்கள். முதுகுப்பையின் இடுப்புப் பட்டைப் பூட்டு மாட்டுகிறதா? ஹெல்மெட்டைக் கம்பளித் தொப்பியோடு போட்டுப் பாருங்கள். கராபினரின் வாய் தானாக மூடுகிறதா, திருகுப் பூட்டு கடைசிவரை ஓடுகிறதா? ஹார்னஸின் தையல் நூல் பிரிந்திருந்தால் கூச்சமில்லாமல் திருப்பிக் கொடுங்கள். இந்தி தெரியாதவர்கள் "படா" (பெரியது), "சோட்டா" (சிறியது), "டூட்டா ஹுவா" (உடைந்தது), "பதல் தீஜியே" (மாற்றிக் கொடுங்கள்) என்ற நான்கைக் கற்றுக்கொண்டால் கிடங்கில் காலம் தள்ளலாம்.

9. செலவும் பயணமும்

விலைகள் கடைக்குக் கடை மாறும். ஒரு தோராயக் கணக்கு மட்டும் தருகிறேன். காலணி 4,000 முதல் 8,000 ரூபாய். தெர்மல் இரண்டு ஜோடி 2,000 முதல் 3,000. காலுறைகள் 1,500. கண்ணாடி 1,500 முதல் 3,000. கையுறைகள் 1,500 முதல் 2,500. ஃப்ளீஸ், மழை உடை, தலைவிளக்கு, கெய்டர் எல்லாம் சேர்த்து 4,000 முதல் 5,000. மொத்தம் 14,500க்குக் குறையாது, 23,000ஐத் தாண்டத் தேவையில்லை. பயிற்சிக் கட்டணமும் பயணமும் தனி. பணம் போதவில்லையென்றால் ஃப்ளீஸையும் மழை உடையையும் கடன் வாங்குங்கள். காலணியையும் கண்ணாடியையும் கடன் வாங்காதீர்கள்.

விமானத்தில் போனால் சாதாரண உள்நாட்டு டிக்கெட்டில் சரக்குப்பை 15 கிலோ, கைப்பை 7 கிலோ என்பதே வழக்கம். காலணியை அணிந்தே ஏறுங்கள். எடையும் குறையும், பை தொலைந்தாலும் பழகிய காலணி உங்களோடு இருக்கும். பவர் பேங்க் கைப்பையில்தான், நடைக்கம்பு சரக்குப்பையில்தான். டேராடூனிலிருந்து உத்தரகாசிக்கு மலைப்பாதை. நிலச்சரிவால் நின்றுவிடுவது வழக்கம். ஆகவே ஒரு நாள் முன்னதாகப் போய்ச் சேருமாறு திட்டமிடுங்கள். மறந்துபோன தொப்பி, காலுறை, பேட்டரி எல்லாம் உத்தரகாசிக் கடைத்தெருவில் வாங்கிக்கொள்ளலாம்.

திரும்பும் டிக்கெட்டைப் பயிற்சி முடியும் நாளுக்கே போடாதீர்கள். கடைசி நாளில் சாமானைத் திருப்பிக் கொடுத்துத் தடையின்மைச் சீட்டு வாங்க வேண்டும். உறக்கப்பை ஈரமாக இருந்தால் காயவைத்து வா என்பார்கள், கிராம்பானில் மண் இருந்தால் கழுவி வா என்பார்கள், ஒரு கராபினர் குறைந்தால் அதற்குப் பணம் கட்டச் சொல்வார்கள். முகாமிலிருந்து இறங்கிய அன்றே எல்லாவற்றையும் வெயிலில் விரித்துவிடுங்கள். டிக்கெட் மறுநாளுக்கு.